கடப்பாக்கல் சுவரும் ஒரு பிடி உப்பும்

பங்குனி 14, வியாழன்

குளியலறைச் சுவருக்குப் பின்னால்தான் எங்கள் புளி அறை. போன வருஷம் சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஊறி, வைத்திருந்த புளியெல்லாம் கறுத்துப் போனது. அதனால் இந்த முறை கொத்தனார் சொன்ன வெள்ளை டைல்ஸை விட்டுவிட்டு, குளியலறைப் பக்கம் பெரிய கடப்பாக்கல்லாகப் பதிக்கச் சொன்னேன். கல் பெரிதானால் இணைப்பு குறையும். தண்ணீர் நுழைய இடமும் குறையும்.

என் மனைவி வள்ளி நம்பவில்லை. புளி அறைப் பக்கம் சுவரை ஒட்டி, ஓர் இலையில் ஒரு பிடி கல் உப்பை வைத்தாள்.

"நாலு நாளு எல்லாரும் குளிக்கட்டும். உப்பு கசியலன்னா புளிய வைங்க."

"இன்னா, நான் போட்ட செவுரு மேல நம்பிக்க இல்லியா?"

"செவுரு மேல இருக்குதுங்க. தண்ணி மேலதான் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நாலு நாளும் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இன்று சாயங்காலம் இலையை எடுத்தாள். உப்பு கலகலவென்று உலர்ந்திருந்தது. அந்த உப்பையே போட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலு நாளும் அவளுக்குத் தெரியாமல் நானும் போய் அந்த உப்பைத் தொட்டுப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.