வீட்டுக்கு ஓர் ஆள்

4, செவ்வாய்

காற்று இல்லை. கடல் தட்டையாகக் கிடக்கிறது. ஷெல் சத்தமும் இன்று குறைவு. தங்கையின் மகன் ஜெராட் பெண்சாதி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போகச் சூசையின் படகைப் பேசிவிட்டான். எனக்கு இடமில்லையாம்.

"வயது போன ஆக்களை ஏத்தமாட்டன் எண்டு சூசை சொல்லிப்போட்டான், பெரியம்மா. கரைக்குக் கொண்டுபோகான், கடலுக்குள்ள மணல்தீடையிலதான் இறக்குவான். இடுப்பளவு தண்ணியில நடக்கவேணும்."

பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்க நின்றுகொண்டே படிப்பித்த கால்கள். தண்ணீரில் நடக்காதாமா?

5, புதன்

விடிய எழும்பிப் பேசாலைக் கடலுக்குள் இறங்கினேன். சேலை காலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு தரம் விழுந்தேன். வலை காயப்போட வந்தவர்கள் சிரித்தார்கள். "ரீச்சருக்கு என்ன, விசரே?" சிரிக்கட்டும். மூன்றாம் தரம் கட்டியிருந்த வள்ளம் வரை போய்த் திரும்பினேன்.

வாங்க: மண்ணெண்ணெய், சீனி, பனடோல்.

7, வெள்ளி

முழங்கால் வீக்கம். வெளியில் சொல்லவில்லை. ஜெராட்டிடம் கேட்டேன்: "சூசையை வரச்சொல்லு தம்பி. நடந்து காட்டுறன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பெண்சாதிதான் சொன்னாள்: "வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்தானே, பெரியம்மா. வெறும் வீடெண்டா ஆமிக்காரன் வந்து இருந்திடுவான்."

அப்போ நான் ஆள்தான். படகுக்குத்தான் ஆள் இல்லை.

8, சனி

செபமாலை முடிந்து வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. குசினியில் எனக்குச் சோறு மூடி வைத்திருந்தது. முற்றத்தில் சின்னவளின் ஒற்றைச் செருப்பு. அலுமாரி பூட்டிக் கிடந்தது. சாவியை எங்கும் காணவில்லை, கொண்டுபோய்விட்டான். வீட்டைக் காக்க என்னை நம்பலாம், அலுமாரியை நம்பி விடக்கூடாது.

அழுதேன். சோற்றைக் கோழிக்குப் போட்டேன்.

10, திங்கள்

வெயில். சூசை மீனோடு வந்தான். சுகமாக இறங்கிவிட்டார்களாம்.

"நீங்கள் வரமாட்டன் எண்டு நிண்டதா ஜெராட் சொன்னவர், ரீச்சர். உங்களுக்கும் இடம் வைச்சனான்."

"வயது போன ஆக்களை ஏத்தமாட்டன் எண்டு சொன்னியாமே?"

"ஆர் சொன்னது? எங்கட வயதுபோன ஐயாவையும் அண்டைக்குத்தான் கொண்டுபோனனான். தோளில தூக்கியெல்லே இறக்கினது."

வியாழன் இன்னொரு பயணம் இருக்காம். "வாங்கோ ரீச்சர், தூக்கி இறக்குறன்" என்றான்.

"தண்ணியில நான் நடப்பன், சூசை. போய் ஆரிட்ட இறங்கிறது?"