ஜன்னலடியில் சலித்த எரு

மாசி 9, வெள்ளி

எட்டு மணிக்கே வெயில் சுட்டது. எரு வேலை. தை பிறந்ததும் கூட்டிலிருந்து அள்ளிக் குவித்த உமி, ஆறு மாதக் கோழி எச்சத்தோடு கலந்தது. கையை விட்டுப் பார்த்தேன், சூடு ஆறிவிட்டது. உலர்த்தி, மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தேன். சமையலறை ஜன்னலுக்கு அடியில்தான். அங்கேதான் நிழல். ஈரமாகவே போடச் சொல்லிப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். எழுதியவன் சலித்துப் பார்த்திருக்க மாட்டான். மாவு போல வருகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டது.

செய்ய வேண்டியவை: கத்தரி நாற்று. வெண்டை விதை ஊறப்போட. பாகல் பந்தலுக்குக் கயிறு. கூட்டுக் கதவுக்குக் கொக்கி.

ஏழு கோழிக்கு நான்கு முட்டை. மொட்டைக்கழுத்தி இன்றும் ஏமாற்றிவிட்டாள். வசந்தாவுக்கு இருமல். மிளகு ரசம் வைத்துக் குடி என்றேன். "வெக்கிறவளும் நான்தானே" என்றாள். பெண்டாட்டி பேச்சு.

மாசி 11, ஞாயிறு

கத்தரி நட்டாயிற்று. இரண்டு பாத்தி. ஒரு நாற்றும் தலை சாயவில்லை.

மாலை எங்கள் தெரு நலச் சங்கச் செயலாளர் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். "சார், உங்க கோழி மேட்டர்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. புதன்கிழமை மீட்டிங்ல எடுக்கணும்."

யார் கொடுத்தது என்று கேட்டேன். "அது வேணாம் சார். நீங்க வீட்ல பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வீட்டில் பேச என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும். பின்வீட்டு தேவராஜ். நம் கோழிச் சத்தத்தில் அவன் நாய் தூங்குவதில்லையாம். இந்தத் தெருவில் முதலில் வீடு கட்டியவன் நான். அப்போது இங்கே நாயும் இல்லை, சங்கமும் இல்லை.

மாசி 12, திங்கள்

மதில் மேல் எட்டி தேவராஜைக் கேட்டேன். நேராகவே.

"அண்ணா, நான் எதுக்கு எழுதணும்? எம் பையனே உங்க வூட்டு முட்டையிலதான் வளர்றான்."

"இனிமேல் முட்டை கிடையாது."

"சரிண்ணா. கடை முட்டை இன்னா கசக்கவா போகுது?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி நடுவே கேட்டாள்: "அக்காவுக்கு இப்ப பரவால்லியா? டாக்டர் மறுபடி வரச் சொன்னாரே?"

எந்த டாக்டர்? எனக்குத் தெரியாது. பின்வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

வசந்தாவிடம் கேட்டேன். "சும்மா போயிட்டு வந்தேன்" என்றாள். திரும்பாமலே.

மாசி 14, புதன்

 

சங்கக் கூட்டத்தில் பதினைந்து பேர். எல்லோர் முன்னாலும் தேவராஜ் பெயரைச் சொன்னேன். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அடியில் கையெழுத்து. வசந்தா. எங்கள் வீட்டு எண்.

"முழுசாப் படிங்க சார்" என்றார். படிக்க என்ன இருக்கிறது? மேஜையில் வீசிவிட்டு வந்தேன். ஏரிக்கரையை இரண்டு சுற்று சுற்றினேன். உடனே வீட்டுக்குள் போகத் தோன்றவில்லை.

"என்னிடம் சொல்லக் கூடாதா?" என்று வீட்டுக்கு வந்து வசந்தாவைக் கேட்டேன்.

"எத்தனை தடவை சொன்னேன்! நீங்க கோழிகிட்ட பேசிட்டு இருந்தீங்க. நாலு பேர் நடுவுல சொன்னாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்னு எழுதினேன்."

"என் மானத்தை வாங்கிவிட்டாய்."

"எனக்கு மூச்சு வாங்குதுங்க."

மகள் மலர் ஆட்டோவில் வந்தாள். கோவிலம்பாக்கத்துக்கு, அவள் வீட்டுக்கு அழைத்துப் போகிறாளாம். வசந்தாவின் பையில் மூச்சுக்கு இழுக்கும் நீல நிறப் பம்பு. எப்போதிலிருந்து வைத்திருக்கிறாள்? அதை என் கண்ணெதிரே அலமாரியிலிருந்துதான் எடுத்தாள். நான் பார்த்ததே இல்லை.

"கெளம்பறேங்க. சாம்பார் இருக்கு."

மாசி 16, வெள்ளி

பல்லாவரம் சந்தை. ஏழு கோழிகளையும் இரண்டு கூடைகளில் கொண்டுபோனேன். சங்கத்துக்குப் பயந்து இல்லை. வேறு எதற்கு என்று எழுதப் போவதில்லை.

கோழிக்காரர் மொட்டைக்கழுத்தியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பெருசு, கழுத்துல ஒண்ணுமே இல்லாம கீது. கோழியா, கழுகா?"

"நன்றாக முட்டையிடும்."

"இதை எவன் முட்டைக்கு வாங்கப் போறான்? சரி, குட்த்துட்டுப் போ."

திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் காலிக் கூடைகள் மடியில்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவுக்குப் போன்.

"கோழியை எல்லாம் கொடுத்துவிட்டேன். வா."

 மலரின் வீட்டு மிக்சிச் சத்தம் கேட்டது.

"ஏழையுமா?"

"ஏழும்."

"அந்த மொட்டைக்கழுத்தியையும்? யாருங்க உங்களைக் குடுக்கச் சொன்னது?"

"நீதானே எழுதிக் கொடுத்தாய்!"

"எழுதினதைப் படிச்சீங்களா?"

வைத்துவிட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். கோழிக்கா அழுவாள்?

மாசி 17, சனி

விடிந்ததும் செயலாளர் வீடு. பல் தேய்த்துக்கொண்டே தாளை எடுத்துக் கொடுத்தார். வாசலில் நின்றே படித்தேன். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"என் கணவர் காய்ந்த கோழி எருவைச் சமையலறை ஜன்னலுக்கு அடியில் சலிக்கிறார். அந்தத் தூசியால் எனக்கு மூச்சுத் திணறுகிறது. தண்ணீர் தெளித்து, பின்மதில் ஓரமாக வைத்துச் செய்யும்படி சங்கம் அவரிடம் சொல்ல வேண்டும். கோழிகளை எடுக்கச் சொல்ல வேண்டாம். அவை போனால் அவர் யாரிடமும் பேச மாட்டார்."

இரண்டு முறை படித்தேன். "காப்பி சாப்பிடுங்க சார்" என்றார். வேண்டாம் என்றேன்.

நேரே பல்லாவரம். வெறும் தெரு. கோழிக்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. சந்தை இனி அடுத்த வெள்ளிதான்.