காப்புக் கட்டியவருக்கு

மண்ணூர்
26-4-1991

அன்புள்ள கணவர் தசரதன் அவர்களுக்கு, ரஞ்சனி வணங்கி எழுதுவது.

நானும் குழந்தையும் சுகம். பெண் குழந்தை என்று என் தம்பி மோகன் சொல்லியிருப்பான். மூக்கு உங்களுடையது, பாவம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீங்கள் காப்புக் கட்டிய பிறகு பிறந்ததால் தீமிதி முடியும்வரை எங்களைப் பார்க்க வரக்கூடாதாம். பிள்ளை பெற்ற தீட்டோடு நானும் வடக்குப்பட்டுக் கோயில் பக்கம் வரக்கூடாதாம். அதனால்தான் மோகன் கையில் இந்தக் கடிதம்.

முன்பு அவனிடம் உங்கள் வலிப்பு மாத்திரையைக் கொடுத்தனுப்பினேன். அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "காப்பு கட்டிக்கினு மருந்து துன்னக் கூடாது, தீமிதி முடிஞ்சதும் உட்டதெல்லாம் ஒண்ணா சேத்துப் போட்டுக்கிறேன்" என்றீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காஞ்சிபுரம் டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துத்தானே சொன்னார்? நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, திடீரென்று விட்டால் முன்னைவிட மோசமாக வரும், விட்டதைச் சேர்த்து விழுங்குவதும் ஆபத்து என்றார். தூக்கம் கெடக் கூடாது, பட்டினி கூடாது, குடி கூடாது, நெருப்பு, கிணறு பக்கம் போகக் கூடாது என்றார். குடியை விட்டீர்கள், அந்த மட்டும் சந்தோஷம். மற்றதையெல்லாம் கோயில் வாசலில் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு, விடிய விடிய பாரதக் கூத்து, ஞாயிற்றுக்கிழமை நெருப்புக் குழி.

கம்பெனியில் வலிப்பு வந்து மிஷின் மேல் சாய்ந்தபோது கண்ணப்பன் அண்ணன் பக்கத்தில் நின்றதால் இழுத்துப் பிடித்தார். குழிக்குள் யார் பிடிப்பார்கள்? நீங்கள் துடித்து விழுந்தாலும் வலிப்பு என்று ஊருக்குத் தோன்றாது. அருள் வந்துவிட்டது என்று பம்பையை இன்னும் வேகமாக அடிப்பார்கள். அதை நினைத்தால் குழந்தைக்குப் பால்கூடச் சுரக்க மாட்டேன் என்கிறது.

என் பிரசவம் நல்லபடி ஆக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டீர்கள். தெரியும். அதனாலேயே கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. எங்கள் இரண்டு உயிரைக் காப்பாற்றிய திரௌபதி அம்மன் ஒரு மாத்திரையைப் பொறுக்க மாட்டாளா?

இதைப் படித்ததும் மோகனோடு டாக்டரிடம் போங்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லி, மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று கேளுங்கள். குழியில் மட்டும் இறங்காதீர்கள். வேண்டுதல் நின்றுபோகும் என்று பயமாக இருந்தால் அம்மனிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வருஷம் நான் மிதிக்கிறேன். அப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் காலில் விழுந்து கேட்கும்,
ரஞ்சனி