ரேணுகாதேவிக்கு வந்த கவர்

அன்புள்ள மகன் ஆல்பினுக்கு,

ஆரணியிலிருந்து அம்மா பிரிஸில்லா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம். அந்த டென்மார்க் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன், குல்லா போடாமல் வெளியே போகிறாய் என்பதையும் சேர்த்தே சொல்லி வைத்திருக்கிறேன்.

கூட வேலை செய்யும் லாவண்யாவைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ போனில் கேட்டு ஒரு மாதம் ஆகிறது, அப்பா பதிலே சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம், எனக்கும்தான். இதே ஊர் நெசவுக்காரர் எழிலரசன் வீட்டு இந்துப் பெண்ணை எடுத்தால் சபையில் என்ன பேசுவார்களோ என்று அவருக்குள் ஒரு குடைச்சல், அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம், நான் பேச்சை எடுத்தால் உடனே ஆல்பத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இலங்கைச் சண்டைக் காலத்துத் தபால் கவர் சேர்க்கிற கிறுக்கு, தபால் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனபிறகு அவருக்கு முற்றிப்போயிருக்கிறது. வெறும் ஸ்டாம்புதானே என்று யாராவது சொன்னால் போச்சு, கவரும் முத்திரையும் சேர்ந்தால்தான் சரித்திரம் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். போன மாதம் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு வாங்கி வந்தார், அகதி முகாமில் ஒரு காலத்தில் கணக்கு எழுதிய பெரியவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். அதில் ஒரு கவர் ஒட்டியது ஒட்டியபடி, யாருமே பிரிக்காதது. யாழ்ப்பாண முத்திரை, 1990ஆம் வருஷம், ரேணுகாதேவி என்று பெயர், ஓரத்தில் முகாம் மாறிப் போய்விட்டார் என்று பேனாவில் எழுதியிருந்தது. பிரிக்காத கவர் ஆயிரத்தில் ஒன்று, வேலூர் கண்காட்சியில் இதைத்தான் முதலில் வைப்பேன் என்று அப்பா தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

இனி என் கூத்தைக் கேள். அந்தக் கவர் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. நான் ஒரு பட்டுச்சேலைக்குக் குஞ்சம் கட்டி முடித்து அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன், பாவம் இதையும் நிமிர்த்திக் கொடுப்போமே என்று பட்டுக்குப் போடுகிற மெல்லிய துணியை மேலே போட்டு ஸ்டீமைக் கொடுத்தேன். ஆவியில் பசை இளகிக் கவர் வாயைத் திறந்துவிட்டது! உலகத்துல யாருனா கவருக்கு இஸ்திரி போடுவாங்களாடி, பேஜார் பண்ணிட்டியே என்று அப்பா கத்தினார், ராத்திரி சாப்பிடவும் இல்லை. உள்ளே மடித்த காகிதம் தெரிந்தது, நான் கையை நீட்டினதுதான் தாமதம், அடுத்தவங்க கடுதாசிடி, தொடாதே என்று பிடுங்கிக்கொண்டார். மறுநாள் பூராவும் அதை எதிரில் வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம், ஒட்டிகினு இருந்தவரைக்கும் இது என் கவரு, இப்ப அந்தம்மா லெட்டராயிடுச்சு என்றவர், முகாம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற அருள்ராஜ் சாருக்குப் போன் போட்டார். நாலே நாளில் ஆள் கிடைத்துவிட்டார், செய்யாறில் புருஷன் தருமனோடு இருக்கிறாராம்.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அம்பத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கவரின் மேலிருந்த எழுத்தைப் பார்த்ததுமே அம்மாவின்ர கையெழுத்து என்று எழுந்துவிட்டார். முகாமில் சந்தித்த தருமனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று அந்தக் காலத்தில் ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார், மாதக்கணக்கில் பதில் இல்லை, அதற்குள் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்து அழுதுகொண்டே தாலி கட்டிக்கொண்டாராம், பிறகு சண்டையில் அம்மாவும் இறந்துபோனார். இப்போது நின்றபடியே படித்தார். அந்தப் பெடியனையே கட்டு, எனக்குப் பூரண சம்மதம், நான் வருவனெண்டு பார்த்துக்கொண்டு இராதை என்று எழுதியிருந்தது. அழுகையும் சிரிப்புமாக, இஞ்சாருங்கோ, அம்மா ஓமெண்டு சொல்லிப்போட்டா என்று சமையலறையைப் பார்த்துக் கூவினார். அந்த மனுஷன் கரண்டியோடு ஓடிவந்து, அப்ப இனிப் பயமில்லாமல் குடும்பம் நடத்தலாம் என்றாரே பார்க்கலாம், பேரன் பேத்தி எடுத்தவர்! அழுது சிரித்து எல்லோருக்கும் மூக்கு சிவந்துவிட்டது. கவரை நீங்களே வச்சிருங்கோ என்று அந்த அம்மா நீட்டினார், ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டும்மா என்று அப்பா அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில், சபையில பேசறவங்க நாலு நாள் பேசுவாங்க, பையனுக்குச் சரின்னு எழுதிடு, ஜல்தியா எழுது என்றார். எனக்குப் பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. எழுதிவிட்டேன் ஆல்பின், எங்கள் இரண்டு பேருக்கும் முழுச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எழிலரசன் வீட்டுக்குப் பூ பழத்தோடு போகிறோம். லாவண்யாவை எனக்குப் போன் பண்ணச் சொல், கூச்சப்படவேண்டாம் என்று சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் ஒன்றாக வைத்து ஆசீர்வதிப்பாராக. குல்லாவை மறக்காதே.

முப்பது வருஷம் தபால் ஆபீஸில் முத்திரை குத்திய உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். தபாலை நம்பாதே, எழுதின மை காயுறதுக்குள்ள போட்டோ பிடிச்சுப் பையன் போனுக்கு அனுப்பு என்கிறார்.

என்றும் உன் அம்மா,
பிரிஸில்லா பவுல்துரை