பேனரில் மிச்சமிருக்கும் மூன்று முகங்கள்

அதியமான்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுசிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமாக இல்லை என்பது நேற்று நீ அனுப்பிய செய்தியிலேயே தெரிந்துவிட்டது, அதனால் விசாரிக்கவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் குழு கூடுவதற்குள் இரண்டு தடவை படித்துவிடு.

நீ எழுதியதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா பார். ஏழு மாதமாக அங்கே உங்கள் ஆய்வுக்கூடத்தில் குரோமியத்தைக் கியூரியத்தின் மேல் மோதவிடுகிறீர்கள். இரண்டு கருக்களும் ஒன்றையொன்று தள்ளும். மெதுவாக விட்டால் ஒட்டாது, வேகமாக விட்டால் ஒட்டிய கையோடு பிளந்துவிடும். கோடானுகோடி மோதலில் ஒன்று ஒட்டிக்கொண்டால் அது நூற்றிருபதாம் தனிமம். கண் இமைப்பதற்குள் அதுவும் ஆல்பாத் துகள்களைத் துப்பித் துப்பி வேறொன்றாகிவிடும். அந்தத் துகள்கள் கருவியின் ஒரே கட்டத்தில் வரிசையாகப் பதிந்தால்தான் அணு அங்கே இருந்ததற்குச் சாட்சி. போன மாதம் அப்படி ஒரு வரிசை கிடைத்தது என்றாய். இப்போது, நீ எழுதிய கணினி நிரலில் இரண்டு கட்டங்களின் எண்கள் இடம் மாறிக் கிடந்தன, மூன்றாவது துகள் பக்கத்துக் கட்டத்தில் தற்செயலாக வந்து விழுந்தது என்கிறாய். அப்படியென்றால் அந்த அணு பிறக்கவே இல்லை.

இது இன்றைக்கு உங்கள் குழுவில் உன் ஒருத்திக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது. சொன்னால் வேலையை நீட்டிக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறாய். சொல்லாவிட்டால் அடுத்தவர் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆகும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை சுசி. ஊருக்கே பேனர் வைத்துவிட்டீர்களே, நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவேன் என்று கடைசியில் கேட்டிருந்தாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பேனர் முழுக்க என் தப்பு. இன்னும் உறுதியாகல, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனிடம் சொல்லிவிட்டு அவன் சும்மா இருப்பான் என்று எப்படி நம்பினாய்? இரண்டு மணி நேரத்தில் இருபதடி பேனர் நம் கடை முகப்பில் ஏறிவிட்டது. நடுவில் நீ, பக்கத்தில் புருஷனாக நான், கீழ் வரிசையில் வாழ்த்தும் சொந்தங்களாகப் பதினான்கு தலைகள். பெரியண்ணன் மாமா பாலக்கோட்டில் தக்காளி ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு போட்டோவோடு வந்தார். தன் தலை மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டுமாம்.

இன்று காலை ஏணி போட்டு ஏறினேன். உன் படத்துக்குக் கீழே புதிதாக ஒரு துண்டு அடித்து ஒட்டியிருக்கிறேன். தனிமத்தைக் கண்டதாகச் சொன்னது தவறு, அந்தத் தவறைக் கண்டுபிடித்தவரும் இவரே, தேடல் தொடர்கிறது. சிவப்பு எழுத்து, ஹைவேயில் போகும் பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குப் பயந்து நீ வாயை மூடிக்கொள்ள இனி ஒரு காரணமும் இல்லை.

பத்து மணிக்கெல்லாம் மாமா வந்துவிட்டார். ரோட்ல போறவன் பூரா நின்னு படிக்கிறான் மாப்ள, மொதல்ல எம் மூஞ்ச அதுலருந்து எடு என்றார். எடுத்தேன். பிளேடால் சுற்றிலும் அறுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். மதியத்துக்குள் பதின்மூன்று தலைகள் போய்விட்டன. கீழ் வரிசை முழுக்க ஓட்டை, அதன் வழியாகக் காற்று ஜோராக வருகிறது.

கடைசியில் அம்மா வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான பொண்ணு வூட்ல இல்லாம அங்க என்னத்தத் தேடுறா என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பவள் அவள். அதனால் நானே பிளேடை எடுத்தேன். அம்மா ஏணியை உலுக்கிவிட்டாள். எம் மூஞ்ச எதுக்குடா அறுக்கற, தப்புப் பண்ணிட்டேன்னு இங்க எவன் வாயத் தொறந்து சொல்லியிருக்கான், அவ சொல்லப்போறா, எம் மூஞ்சி அங்கயே கெடக்கட்டும் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கீழே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை அம்மா தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகிறாள். அணு கிடைக்க வேண்டும் என்று இல்லை, உனக்குத் தொண்டை அடைக்காமல் பேச்சு வர வேண்டுமாம். எழுந்து நின்று சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், நம் கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போகாவிட்டால் இருந்து தேடு. தை மாதம் வருவதாகச் சொன்னாய், அதை வைத்து உன்னை நெருக்க மாட்டேன்.

பேனரை யார் சொன்னாலும் இறக்க மாட்டேன். வெயிலில் சாயம் போனால் திரும்ப அடித்து மாட்டுவேன். நீ வந்து உன் கையால் இறக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் சரி, ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

நல்லா இரு.

உன்,
அருள்குமார்.