ஜோஸ்வாவின் மரத்துக்கு மண் மாற்றினோம்

திருவையாறு
ஏப்ரல் 28

அன்பு மகள் அமலிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அயர்லாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளி போட்டுக்கொண்டு நைட் டூட்டிக்குப் போய் வருகிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே வீடியோவில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். என் போனில் மெசேஜ் வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்தான் எனக்கே படித்துக் காட்டுகிறார். அதனால் இதைப் பள்ளிக்கூடத்தில், பேப்பர் திருத்துகிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு இதைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் கேட்காதே.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சம்பா கடைசி மழையில் கொஞ்சம் சாய்ந்துபோனாலும் மோசமில்லை, வயலில் தெளித்த உளுந்தையும் எடுத்தாகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் ஆள் இளைத்துவிட்டார், வீடியோவில் சட்டை காலரைப் பார்த்தாலே தெரியும். நான் எழுத வந்தது தம்பி ஜோஸ்வாவின் போன்சாய் மரத்தைப் பற்றி. கல்லூரி டூரில் கொடைக்கானலில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தானே அந்த ஜூனிபர், மலையில் வளருகிற மரம் தஞ்சாவூர் வெயிலில் எங்கே பிழைக்கும் என்று நீ அவனைக் கிண்டல் செய்வாய். அவன் போன பிறகு இந்த இரண்டு வருஷமும் அப்பாதான் அதற்குத் தண்ணீர் தெளித்தார். போன மார்கழியிலிருந்து தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை, ஊற்றினால் மேலேயே குளம் மாதிரி நின்றது. வேர் உள்ளே சுற்றிச் சுற்றி இடமில்லாமல் மரத்தையே விளிம்புக்கு மேல் தூக்கிவிட்டது. எடுத்து, வேரைக் கத்தரித்து, புது மண்ணில் வைக்காவிட்டால் அழுகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது. ஆனால் தொடக்கூடாது என்றுவிட்டார். அவன் சலித்துப் போட்ட மண், அவன் விரலால் அழுத்தி வைத்த மண், அதைக் கொட்டிவிட்டு எதை வைத்துக்கொள்ளச் சொல்கிறாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

பிறகு எனக்குத் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. அவன் முன்பு ஒரு தரம் மண் மாற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஆல், அத்தி என்றால் வேரை முழுசாகக் கழுவிவிட்டுக்கூட நடலாம்மா, இந்த மாதிரி ஊசியிலை மரத்துக்கு மட்டும் பழைய மண்ணில் பாதியாவது கூடவே போகணும், அதில்தான் வெள்ளை நூல் மாதிரி ஒரு பூஞ்சை இருக்கு, அதுதான் இதுக்குச் சாப்பாடு ஊட்டுற கை, அதைக் கழுவிட்டா மரம் செத்துடும், செத்தது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது என்றான். இதை அப்பாவிடம் சொன்னேன். பாதி மண் அப்படியே இருக்கும், அவனே சொன்னதுதான் என்றேன். அவர் போய்த் தொட்டியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, எந்தப் பாதி என்பதை நான்தான் சொல்லுவேன் என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை காலையில் செய்தோம். தொட்டியின் ஓரத்தில் கத்தியை விட்டுச் சுற்றி, மரத்தைத் தூக்கி நனைத்த சாக்கில் வைத்தோம். அடியில் வேர் பாய் பின்னியது போல இருந்தது. அப்பா மூங்கில் குச்சியால் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் மெதுவாகக் கோதிவிட்டார், கீழே இறங்கியிருந்த தடித்த வேர்களை நான் நறுக்கினேன். மறுபக்கத்தில், சொன்னது போலவே வெள்ளை நூலோடு மண் கட்டியாக இருந்தது, அப்பா அதைக் கையால் மூடிக்கொண்டே வேலை செய்தார். நடுவில் வயல் வேலையை விட்டுவிட்டு வீரையன் வந்து நின்று வழக்கம்போல வம்புக்கிழுத்தான். பிள்ளை ஆசையா வளத்த மரத்தை இப்படிப் பட்டினி போட்டுக் குள்ளமா வச்சிருக்கீங்களே, ஒரு பிடி யூரியா போட்டா தென்னை ஒசரத்துக்குப் போயிடும் டீச்சரம்மா என்றான். அப்பாகூடச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு மரத்தைத் தொட்டியோடு கட்டக் கம்பி எடுக்க அப்பா உள்ளே போனார், கொதிநீர் ஊற்றி ஆற வைத்திருந்த மணலையும் செங்கல் பொடியையும் அள்ள நான் கொல்லைப்பக்கம் போனேன்.

திரும்பி வந்தால் சாக்கின் மேல் மரம் இல்லை. வீரையனுக்குத் தெரிந்த நடவு ஒன்றுதான். நாற்றைப் பறித்தால் கட்டுக் கட்டாகத் தண்ணீரில் அலசி, காலில் தட்டி, சேறு போகக் கழுவித்தானே நடுவார்கள். நாங்கள் பாதி வேலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறோம் என்று நினைத்து, மரத்தைப் பம்புசெட் தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் நன்றாக அலசி எடுத்து வந்தான். வேரை வெள்ளை வெளேர்னு ஆக்கிட்டேன், இனி நட்டா கப்புனு பிடிச்சுக்கும் அய்யா என்று சொல்லிக்கொண்டே, சொட்டச் சொட்ட இரண்டு கையிலும் ஏந்தி அப்பாவிடம் நீட்டினான். ஒரு பொட்டு மண் இல்லை அமலி. உனக்கு இதுவரை ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். தம்பி இறந்த மறுநாள்தான் நீ வந்து சேர்ந்தாய், அவனைப் பெட்டியில் கோட் சூட்டில்தான் பார்த்தாய். வாய்க்கால் மதகில் சிக்கிய ஆகாயத்தாமரையை எடுக்க இறங்கி மூழ்கிப்போனவனைத் தேடி வெளியே எடுத்தது வீரையன்தான். தாயும் தகப்பனும் சேற்றோடு பார்க்கக்கூடாது என்று அதே பம்புசெட் தொட்டியில் வைத்து அவனைக் கழுவி, தன் துண்டால் துடைத்து, இப்படித்தான் ஏந்திக்கொண்டு வந்தான். அன்றைக்கும் அப்பா இதே இடத்தில்தான் நின்றார். இப்போது மரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார், திட்டவில்லை. தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சா வீரையா என்று மட்டும் கேட்டார். வீரையனுக்கு அப்போதுதான் என்னவோ புரிந்தது. வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

வெறும் வேரையே நட்டோம். காற்றில் ஆடாமல் கம்பியால் கட்டி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் ஸ்ப்ரேயரில் தண்ணீர் தெளிக்கிறார். தம்பி வைத்திருந்த அதே ஸ்ப்ரேயர்தான். நான் அடுப்படியில் இருக்கும்போது அந்தச் சீறல் கேட்டால், தோசை ஆறுது வாடா என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. ஒரு நாள் வந்தே விட்டது. அப்பா வந்து உட்கார்ந்து அந்தத் தோசையைச் சாப்பிட்டார். அனல் காற்று தொடங்கியதிலிருந்து மத்தியானங்களில் மரத்தைத் தூக்கிப்போய்த் தம்பி அறையில், அவன் கட்டில் மேல் பலகை போட்டு வைத்து, ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும். மரம்தான் என்று தெரியும், தெரிந்தும் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். சாயங்காலமானால் அப்பா என்னைக் கூப்பிடுவார், இந்த நுனியில புதுசா ஒண்ணு விடுது பாரு ஃபிளோரா என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, ஆமா, விடுது என்பேன். உன்னிடமும் வீடியோவில் காட்டி, எப்படிப் பச்சையா இருக்கு பாரு என்கிறார். பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வெட்டி வைக்கிற சவுக்குக் கிளையும் கொஞ்ச நாள் பச்சையாகத்தானே நிற்கும். இந்த மரம் இன்னும் மோசம், வேர் செத்து மாதக்கணக்கானாலும் இலை நிறம் மாறாதாம்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதுவும் தம்பி காட்டியதுதான். நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரமாகப் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இல்லை. இத்தனை வாரமும் எனக்குத் தைரியம் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை அப்பா விதைநெல் விஷயமாகக் கும்பகோணம் போயிருந்தார், அன்றைக்குச் சுரண்டினேன். உள்ளே காப்பித்தூள் நிறம், தொட்டால் உதிர்ந்தது. கட்டிலில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, இதை அவர் எப்படித் தாங்குவார் என்ற ஒரு நினைப்புத்தான். தண்ணீரில் கொஞ்சம் மண்ணைக் குழைத்து அந்த இடத்தில் பூசி, அது சுவர்ப் பக்கமாக இருக்கட்டும் என்று தொட்டியைத் திருப்பினேன். திருப்பினால், பின்பக்கத்தில் இன்னொரு சுரண்டல். கத்தி முனையால் சின்னதாகக் கீறி, மேலே மண் பூசி மறைத்திருந்தது. அந்த மண் எப்போதோ காய்ந்து வெடித்திருந்தது.

அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது அமலி. தெரிந்துகொண்டுதான் தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறார், தெரிந்துகொண்டுதான் ஃபேன் போட்டிருக்கிறார், புதுசா விடுது பாரு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். நான் ஆமா என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பார், மரத்தைப் பார்க்கமாட்டார். அது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. தொட்டியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமும் கூப்பிட்டார், நானும் குனிந்து பார்த்து ஆமா என்றேன்.

வீரையனுக்கு இது தெரிய வேண்டாம், அவன் மரம் பிழைத்துவிட்டது என்று நினைத்து இப்போதுதான் திரும்ப வாசல் பக்கம் வருகிறான். நீ உடம்பைப் பார்த்துக்கொள், நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரையை விடாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், நல்ல மனசுள்ளவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. வைகாசி வெயிலில் அந்த இலை நிறம் மாறிவிடும், அதற்குமேல் பச்சையென்று சொல்ல எங்கள் இருவராலும் முடியாது. யார் முதலில் வாயைத் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரங்களில் தினமும் கூப்பிடு. மரத்தைக் காட்டு என்று சொல்லாதே, என்ன குழம்பு என்று கேள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
ஃபிளோரா குழந்தைராஜ்