பெடல் கொஞ்சம் அமுங்கியது

5-7-2008, சனி

விடிந்ததிலிருந்து காற்று. பனியன் யூனிட் வாசலில் கட்டியிருந்த பேனர் கிழிந்து பக்கத்துச் சாயப்பட்டறைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. கரண்ட் கட் இரண்டு முறை. ஜெனரேட்டருக்கு டீசல் சொல்ல வேண்டும்.

நாளை டிராக். கோயமுத்தூர்ப் பக்கம் உள்ள பந்தயத் தடம், ஒரு நாளைக்கு எங்களுக்கு மட்டும். பதினோரு வண்டி. ஒன்பது பேர் நம்ம ஊர் எக்ஸ்போர்ட்காரர்கள், இரண்டு டாக்டர்கள். பந்தயம் கிடையாது. ரோட்டில் போக முடியாத வேகத்தை அங்கே போய்ப் பார்ப்பது. ஏற்பாடு எல்லாம் சிவசாமி அண்ணன். வண்டிகளைச் சோதித்துத் தாளில் டிக் போட்டு உள்ளே விடுகிற வேலை வழக்கம்போல எனக்கு. ஒரு காலத்தில் கார் ராலிப் பந்தயம் ஓட்டியவன் என்பதால். வாரம் பூராவும் பனியன் செக்கிங், ஞாயிறு கார் செக்கிங் என்று வீட்டில் வளர்மதியின் கிண்டல்.

எடுத்துப் போக: காற்று மீட்டர். நட்டு முடுக்கும் ரென்ச். தீயணைப்பான் 2. கொடிகள். சோதனைத் தாள் 11, கூடுதலாக 2. குளுக்கோஸ்.

ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல: முதல் ரவுண்டும் கடைசி ரவுண்டும் மெதுவாக. நேர்ப்பாதையில் மட்டும், முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும் முந்தலாம். வண்டிக்குள் பாட்டில், செல்போன் எதுவும் கிடக்கக் கூடாது, உருண்டு பெடலுக்கு அடியில் போய்விடும். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறை. சிவப்பு என்றால் உள்ளே வா. வண்டியில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் உள்ளே வா.

வளர்மதியின் தம்பி மோகன் முதல் தடவையாக வருகிறான். பெங்களூரில் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. இறக்குமதி, மஞ்சள் நிறம், இரண்டே சீட். மூன்று மாதமாக அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.

6-7, ஞாயிறு

மோகன் வண்டி திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. உயிர் இருக்கிறது. இரண்டு காலும் அடி. ஆபரேஷன் தியேட்டர் வாசல். வளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுத முடியவில்லை.

7-7, திங்கள்

யூனிட்டுக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை இப்போதே எழுதாவிட்டால் நானே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

சோதனைக்கு மோகன் வண்டிதான் கடைசி. ஹெல்மெட் புதுசு, சரி. பெல்ட் சரி. டயர் சரி. சக்கர நட்டுகளை நானே முடுக்கினேன். பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் கறுத்துக் கிடந்தது. நல்ல ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்தேன். முதலில் நின்றது. பிறகு மெல்ல ஒரு விரல் அளவு கீழே போனது.

"ஆயில் எப்ப மாத்துனே?"

"வாங்கறப்பவே எல்லாம் பாத்துட்டாங்க மச்சான்."

"பெடல் கொஞ்சம் அமுங்குது மோகா."

"இந்த வண்டி அப்புடித்தானுங்க. நம்மூர் வண்டியாட்டம் கல்லு மாதிரி இருக்காது."

அவன் கூட்டாளிகள் நாலு பேர் பின்னால் நின்றார்கள். ஒருவன் கையில் வீடியோ கேமரா.

"நாலு மணிக்கே எந்திரிச்சு வந்திருக்கறனுங்க மச்சான். எல்லாரும் ஓட்டறப்ப என்னை மட்டும் ஓரமா உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?"

முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு வயது இருபத்தொன்பது. அந்த முகத்தை எனக்கு அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தெரியும்.

"செரி. முதல்ல மெதுவா ஓட்டிப் பாரு," என்றேன்.

பிரேக் என்ற வரிக்கு எதிரே டிக். கீழே கையெழுத்து.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிவந்து பெருவிரலைக் காட்டினான். சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம். அப்போதாவது பெடலை ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கலாம். தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மறுபடியும் போனான். நான்காவது ரவுண்டு. நேர்ப்பாதை முடிகிற இடத்தில் எல்லா வண்டிக்கும் பின்னால் பிரேக் விளக்கு எரிந்து மூக்கு தாழும். இவன் வண்டியில் விளக்கு எரிந்தது, மூக்கு தாழவில்லை. விளக்கு அணைந்து எரிந்து அணைந்து எரிந்தது. மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறான். அப்படியே நேராகத் தடத்தின் ஓரத்து டயர் அடுக்குக்குள்.

கதவை அறுத்து எடுக்க இருபத்தைந்து நிமிடம். தலைக்கு ஒன்றுமில்லை. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டும் பெல்ட்டும் காப்பாற்றிவிட்டன. கால் வைக்கிற இடம்தான் மடங்கிவிட்டது. நினைவோடு இருந்தான். "பிரேக் இல்லீங்க மச்சான்," என்றான். கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. பிறகு மயக்க ஊசி.

9-7, புதன்

கணியூரிலிருந்து மாமனார் வந்துவிட்டார். மாமியாருக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளை வேட்டியோடு ஆஸ்பத்திரி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

பார்க்க வந்தவர்கள் பேசியது:

"அந்த நிறமே ஆகாதுங்க. கண்ணு பட்டுப்போச்சு."

"வேகம்ங்க. எளவட்டம்னா வேகம் இருக்கத்தான செய்யும்."

"புதுக் கை. திருப்பத்துல தெகைச்சிருப்பாப்ல."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கூட இருக்கப் போயித்தானுங்க மாப்பிள்ளை உசுரு மிஞ்சுச்சு. நீங்க பாத்து அனுப்பாம வேற யாராச்சும் அனுப்பியிருந்தா என்னாகியிருக்குமோ."

காப்பி வாங்கி வருகிறேன் என்று கீழே போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி. காப்பியை மறந்துவிட்டு மறுபடியும் மேலே.

மோகன் மயக்கத்தில்தான். இடது கால் தேறிவிடும். வலது பாதத்துக்கு ரத்த ஓட்டம் வரவில்லை.

12-7, சனி

வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலை பத்து மணி. சம்மதக் கையெழுத்து மாமனார் போட்டார். நான் போடட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. என் கையெழுத்து ஏற்கெனவே ஒரு தாளில் இருக்கிறது.

வளர் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு எழுந்து எல்லோருக்கும் இட்லி வாங்கக் கணக்குச் சொன்னாள், ஆளுக்கு மூன்று.

மழை தூறல். வீட்டுக்குப் பல்லடம் வழியாக வந்தேன். கோழி லாரி ஒன்றுக்குப் பின்னாலேயே முப்பதில் உருட்டிக்கொண்டு வந்தேன். முந்தவில்லை.

13-7, ஞாயிறு

சிவசாமி அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வராமல் காம்பவுண்டுக்குள்ளேயே நின்று பேசினார்.

"அந்தச் செக்கிங் தாள் உங்ககிட்டத்தான இருக்குது?"

"இருக்குதுங்கண்ணா."

"எல்லாம் டிக் போட்டிருக்குதில்ல?"

"போட்டிருக்குதுங்க."

"அப்பறம் என்னங்க. நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்லை. பத்திரமா வையுங்க. யாராச்சும் கேட்டாக் காட்டிக்கலாம்."

தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். ஆம்புலன்ஸ் இல்லாமல் ஒருநாள்கூட டிராக்கைத் திறக்க விடமாட்டார். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

16-7, புதன்

நொறுங்கிய வண்டி பல்லடம் ரோட்டில் அந்தோணி ஷெட்டில் கிடக்கிறது. அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்து ஆள், பதினைந்து வருடமாக இங்கே. என் ராலி வண்டிக்கு மெக்கானிக்காக இருந்தவர். போகாமல் இருக்க நாலு நாள் காரணம் தேடினேன். இன்று போய்விட்டேன்.

அவர் பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்திருந்தார்.

"பாருங்க அண்ணாச்சி. கடுங்காப்பி மாதிரி கெடக்கு. மூணு வருசம் மாத்தலன்னு நெனைக்கேன். பூராத் தண்ணி சேந்துட்டு. ரோட்டுல போனா ஒண்ணும் தெரியாது. டிராக்குல நாலு ரவுண்டு அமுக்கி மிதிச்சா ஆயிலு கொதிச்சிரும். கொதிச்சா உள்ள ஆவிதான். எவ்வளவு மிதிச்சாலும் பெடல் தரைக்குப் போவும், வண்டி நிக்காது."

"ஓட்டறதுக்கு முன்னாடியே கண்டுபுடிக்க முடியுமா?"

"பெடல அழுத்திப் பிடிச்சா அமுங்குமே. கொஞ்சம் பழக்கம் உள்ள எவனுக்கும் தெரியும். இதப் பாத்து உள்ள விட்டது யாரு?"

"நான்தான் விட்டேன் அந்தோணி."

கையிலிருந்த துணியால் டம்ளரின் வெளிப்பக்கத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "டீ சொல்லட்டுமா அண்ணாச்சி," என்றார்.

குடித்தேன்.

18-7, வெள்ளி

யூனிட்டில் ஒரு லாட் பனியன் முழுக்கத் தோள் தையல் கோணல். செக்கிங் பெண் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். ஏன் என்றால், லைன் சூப்பர்வைசர் கோபித்துக்கொள்வாராம். அவளைத் திட்ட வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். பிரித்துத் தைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் வளரிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மோகன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கறுத்த ஆயில், அமுங்கிய பெடல், அவன் முகம் சுருங்கியது, டிக். எல்லாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு பேண்ட்டை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்து, வலது கால் பக்கத்தைக் கையால் நீவினாள்.

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"பன்னண்டு நாளாத் தெரியும்."

"ஆமா."

"அவனுகிட்டயும் அப்பாகிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டனுங்க."

ராத்திரிச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

20-7, ஞாயிறு

காற்று குறைந்திருக்கிறது. வழியெல்லாம் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின. ஆஸ்பத்திரி, காலை பதினொன்று. மோகன் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்துவிட்டது. மாமனார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். "பெடல் அமுங்கினது எனக்குத் தெரியும் மோகா. ஆயில் கெட்டுப்போச்சுன்னும் தெரியும். உன்னை விட்டிருக்கக் கூடாது."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்திருக்கவில்லை. அவன் நெற்றி சுருங்கியதைப் பார்த்தபோது புரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அன்று நான் அமுங்குகிறது என்று சொன்னதாக நினைத்திருக்கிறான்.

"ஆபத்துன்னு தெரியுமுங்களா மச்சான்?"

"தெரியும்."

"அப்ப ஏனுங்க விட்டீங்க?"

"நீ கோவிச்சுக்குவேன்னு."

பக்கத்துக் கட்டில்காரருக்கு நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

"கோவிச்சிருப்பனுங்க," என்றான். "ஒரு வாரம் உங்ககூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானுங்களே மச்சான்."

போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டான். வலது பக்கம் போர்வை தட்டையாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் மாமனார். அங்கேயே வைத்து அவரிடமும் சொன்னேன். மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அப்படீங்களா," என்றார். பிறகு, "வெயில் ஏறுதுங்க, நீங்க கெளம்புங்க," என்றார். திட்டியிருக்கலாம்.

27-7, ஞாயிறு

மோகனைக் கணியூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். வளரும் கூடப் போனாள். ஒரு மாதமாவது அங்கே இருப்பாள். பையில் துணி எடுத்து வைத்ததைப் பார்த்தால் அதற்கு மேலும் ஆகும்.

மத்தியானம் மாமனார் போன் செய்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். யூனிட்டில் கரண்ட் எப்படி என்று கேட்டார். பிறகு:

"பையனுக்குப் புண்ணு ஆறோணுமுங்க. அதுவரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க மாப்பிள்ளை. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"செரிங்க மாமா."

"போனை வெச்சரட்டுங்களா."

அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் என்னிடம் கதவைச் சாத்தியதில்லை.

சமையல்: ரசம், அப்பளம். ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

6-8, புதன்

சிவசாமி அண்ணனிடமும் சொல்லியாயிற்று. தாளைக் கொடுத்தேன். டிக்குக்குப் பக்கத்தில் "பெடல் அமுங்கியது, தெரிந்தே விட்டேன்" என்று எழுதித் தேதி போட்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"இதை ஏனுங்க எழுதுனீங்க?"

இனிச் சோதனைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேற ஆளு வந்தா அவனும் யாரு மூஞ்சியாச்சும் சுருங்குதான்னுதான் பாப்பான். நீங்களே வாங்க. இனி உங்களுக்குப் பயம் இருக்குமில்ல."

வளரிடமிருந்து போன் இல்லை. ஒரு மெசேஜ் மட்டும்: கேஸ் சிலிண்டர் புக் பண்ணவும்.

17-8, ஞாயிறு

ஐந்தரைக்கே டிராக்கில். மேகம். ஏழு வண்டிதான். போன தடவை வந்தவர்களில் நாலு பேர் வரவில்லை.

ஒரு வண்டிக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தேன். இரண்டைத் திருப்பி அனுப்பினேன். ஒன்று டயர் பழசு, ரப்பரில் வெடிப்பு. இன்னொன்று ஹெல்மெட், கீழே விழுந்து ஓரத்தில் விரிசல், ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார். காங்கயம் ரோட்டு நிட்டிங் முதலாளி. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளை மறுநாள் அவருடைய மில்லிலிருந்து எனக்குத் துணி வர வேண்டும். வராமல் போகலாம்.

கடைசியாகக் கோயமுத்தூர் டாக்டர். ஆயிலைப் பார்த்தேன். பெடலை அழுத்திப் பிடித்து முப்பது எண்ணினேன். மறுபடி முப்பது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"போன தடவை இவ்வளவெல்லாம் பாக்கலீங்களே?"

"இல்லீங்க," என்றேன். "பாக்கலை."